டர்பன் கடைக்கணக்குக்கு எந்த டேட்டாபேஸ்? புதியவர்களுக்கு ஒரு தேர்வு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒன்று, பீனிக்ஸ் பகுதியில் ஒன்று, நடுநகரில் ஒன்று என மூன்று கடை. மசாலாப் பொடி, பருப்பு, அரிசி, பூசைச் சாமான். ராத்திரி கடை சாத்தியதும் ஒவ்வொரு கிளையும் அன்றைய எக்செல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்; வீட்டில் ஒருவர் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக ஒட்டுவார். தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம் இந்த ஒட்டு வேலை விடிய விடிய நடக்கும். மஞ்சள்தூள் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டால் மூன்று ஃபைலும் மூன்று விடை சொல்லும்.

இப்படிப்பட்ட வணிகத்துக்கு வேண்டியது ரிலேஷனல் டேட்டாபேஸ். 1970இல் ஐபிஎம்மில் பணிபுரிந்த எட்கர் காட் எழுதிய ஆய்வுக்கட்டுரைதான் இதன் தொடக்கம். தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வைப்பது, ஒரு விவரத்தை ஒரே இடத்தில் மட்டும் எழுதுவது, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிப்பது, இவ்வளவுதான் அடிப்படை. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சரக்குக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. வாடிக்கையாளர் வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

எதை வாங்குவது என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது வேகப் போட்டிகள். மூன்று கடைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. மின்சாரம் பட்டென்று போனாலும், கணினி திருடுபோனாலும், அமைத்துக் கொடுத்தவர் ஊரைவிட்டே போய்விட்டாலும் கணக்கு நம் கைக்குத் திரும்ப வருமா என்பதுதான் தேர்வை முடிவுசெய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

முதல் படி: பேனாவும் தாளும்

எந்த மென்பொருளையும் இறக்குவதற்கு முன் சில விடைகளைத் தாளில் எழுதுங்கள். முதலாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் தகவலை எழுதுவார்கள்? பார்ப்பவர்களை விட்டுவிடுங்கள், கல்லாவில் பில் போடுபவர், சரக்கு வரவு வைப்பவர், போனில் ஆர்டர் எடுப்பவர் ஆகியோரை மட்டும் எண்ணுங்கள். ஒரே கணினியில் ஒருவர் என்றால் ஒரு வழி, மூன்று ஊரில் ஏழெட்டுப் பேர் என்றால் வேறு வழி.

அடுத்து, கணக்கு எவ்வளவு பெருகும்? கிளைக்கு ஒரு நாளைக்கு 400 பில், பில்லுக்குச் சராசரி 6 சாமான் என்று வையுங்கள். மூன்று கிளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 7,200 வரி; ஆண்டுக்கு 310 நாள் கடை திறந்தால் 22,32,000 வரி. ஒரு வரிக்கு 200 பைட் என்றால் ஏறக்குறைய 450 எம்பி. தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களும் இடம் பிடிக்கும் என்பதால் இரட்டிப்பாகவே கணக்கிடுங்கள்: ஆண்டுக்கு 900 எம்பி. எக்செலின் ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் ஏறாது. இந்தக் கடையின் வரிகளை ஒரே தாளில் போட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது. டேட்டாபேஸுக்கோ இது சிறிய அளவு.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறியுங்கள். வரி தொடர்பான ஆவணங்களைக் கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது தென்னாப்பிரிக்க வரி நிர்வாகச் சட்டம். கம்பெனியாகப் பதிந்திருந்தால் 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பொதுவாக 7 ஆண்டு. ஆக, 7 ஆண்டுக்கு 6 ஜிபிக்குச் சற்று மேல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பிறகு இரண்டு சங்கடமான கேள்விகள். கணினி செத்துப்போனால் எவ்வளவு நேரம் டேட்டாபேஸ் இல்லாமல் சமாளிக்க முடியும்? எவ்வளவு நேரத்துப் பில்கள் தொலைந்தால் தாங்க முடியும்? ஒரு நாள் கையால் பில் எழுதிச் சமாளிப்போம், முந்தின நாள் ராத்திரி வரையான கணக்கு இருந்தால் போதும் என்பவருக்குச் செலவு குறைவு. ஐந்து நிமிடக் கணக்குகூடப் போகக் கூடாது என்றால் செலவு பல மடங்கு கூடும். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி இதை முடிவுசெய்யுங்கள். மென்பொருள் விற்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பெயர்: இதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார்? அந்த வரி காலியாக இருந்தால், நீங்களே சர்வர் (டேட்டாபேஸை ஓட்டும் மையக் கணினி) நடத்துவதை விட்டு, பராமரிப்போடு சேர்த்து வாடகைக்கு வரும் கிளவுட் சேவைக்கே போய்விடுங்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே வாங்கிய மென்பொருளைக் கேளுங்கள்

கடையில் பில்லிங் மென்பொருளோ கணக்கு மென்பொருளோ ஏற்கெனவே ஓடுகிறது என்றால் தேர்வு பாதி முடிந்துவிட்டது. அது எந்த டேட்டாபேஸை, எந்தப் பதிப்பை ஏற்கும் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஆதரிக்காத ஒன்றில் ஓட்டினால் கோளாறு வரும்போது கைவிரித்துவிடுவார்கள். சொந்தமாக நிரல் எழுதுபவருக்கும் எழுதவைப்பவருக்கும்தான் முழுச் சுதந்திரம்.

மூன்றாம் படி: களத்தில் இருப்பவை

எஸ்கியூலைட். தனி சர்வர் கிடையாது, முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல், காசு கிடையாது. ஒரே கணினியில் ஒரே கல்லா என்றால் இதுவே நிறைவாக வேலைசெய்யும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்த எழுத்து மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடுவதால் சிறு கடைக்கு அது உறைக்காது. ஆனால் இந்த ஃபைலை நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்து நாலு கணினியிலிருந்து திறக்காதீர்கள். நெட்வொர்க் ஃபோல்டர்களில் ஃபைல் பூட்டு சரிவர வேலைசெய்யாமல் கணக்கு சிதைந்துபோவது அடிக்கடி நடப்பது. இன்னும் இரண்டு கவனிக்க வேண்டியவை உண்டு. எண் இருக்க வேண்டிய நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் இது தடுக்காது; அட்டவணை அமைக்கும்போதே ஸ்ட்ரிக்ட் என்று குறித்தால்தான் தடுக்கும், அந்த வசதியும் 2021இல் வந்த 3.37ஆம் பதிப்பிலிருந்துதான். அட்டவணைகளுக்கிடையிலான உறவைக் காக்கும் சோதனையும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் நாம் இயக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வாரிசு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, லைசென்ஸ் கட்டணம் இல்லை, அளவு வரம்பு வைத்து விலை கேட்கும் நாளும் வராது. ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. தவறான தகவலை உள்ளே விடுவதில்லை என்பதில் கறாரானது. அட்டவணையின் அமைப்பை மாற்றும் வேலையையும் பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே தொகுப்பாக, செய்யலாம். பாதியில் பிழை வந்தால் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புதிதாகத் தொடங்கும் கடைக்கு வேறு கட்டாயம் இல்லையென்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. தொடக்க அமைப்பில் 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. இணைப்பைத் திறந்து மூட மறக்கும் நிரல் ஒரு பிற்பகலில் அதை நிரப்பிவிடும். நினைவகத்தில் 128 எம்பியை மட்டும் தனக்கென எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி உள்ள தனி சர்வரில் அதை 2 ஜிபியாக உயர்த்துங்கள், அதாவது கால் பங்கு. பெரும்பதிப்பு மாறும்போது பழைய தகவல் ஃபோல்டரைப் புதியது அப்படியே திறக்காது; அதற்கென்று உள்ள மாற்றுக் கருவியை ஓட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்குங்கள்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி. முதலாவது 1995இல் வந்தது, 2010 முதல் ஆரக்கிள் கம்பெனியிடம் இருக்கிறது. அதன் மூல ஆசிரியரே 2009இல் பிரித்தெடுத்த கிளை மரியாடிபி. இணையத்தளம் நடத்த வாடகைக்கு விடும் ஏறத்தாழ எல்லாரிடமும் இரண்டில் ஒன்று இருக்கும், தெரிந்த ஆளும் எளிதில் கிடைப்பார். இணையக் கடைதான் உங்கள் வணிகத்தின் மையம் என்றால் இதுவே இயல்பான தேர்வு. பதிப்பை மட்டும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0க்கான ஆதரவுக் காலம் 2026 ஏப்ரல் வரைதான்; புதிதாக நிறுவுபவர் 8.4ஐ எடுக்கட்டும். 8.0.16க்கு முந்தியவற்றில் ‘விலை சுழிக்குமேல் இருக்க வேண்டும்’ என்பது போன்ற செக் விதியை எழுதினால் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. பழைய சர்வரை வாங்கிக்கொண்டவர்கள் அந்த விதி காக்கிறது என்று நம்பியே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். விண்டோஸ் சூழலுக்கு நன்றாகப் பொருந்துவது, கருவிகள் அருமை. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு வரம்புகள் உண்டு: 2022 வரையான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது, நினைவகத்தில் தகவலுக்கென 1.4 ஜிபி அளவுக்குமேல் எடுக்காது. 2025 பதிப்பில் அளவு வரம்பு 50 ஜிபியாக உயர்ந்திருக்கிறது. மேலே போட்ட 6 ஜிபி கணக்கை இங்கே எடுங்கள்: பில் மட்டும் என்றால் 10 ஜிபிக்குள் அடங்கும், சரக்குப் படங்களையும் ஸ்கேன் செய்த ரசீதுகளையும் டேட்டாபேஸுக்குள் திணித்தால் இரண்டே ஆண்டில் முட்டும். முட்டிய நிமிடம் புதிய பில் ஏறாது. படங்களை ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் டேட்டாபேஸில் எழுதுங்கள். எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட் இல்லை என்பதால் ராத்திரி பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில்தான் அமைக்க வேண்டும். கட்டணப் பதிப்புகளைப் பிராசசரின் கோர் கணக்கில் வாங்கினால் குறைந்தது நான்கு கோருக்குக் கட்ட வேண்டியிருக்கும். நிரலாளர்களுக்கான டெவலப்பர் பதிப்பு இலவசம்தான், அதை நிஜக் கடையில் ஓட்ட அனுமதி இல்லை.

ஆரக்கிள் பெரிய வங்கிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரியது. வாங்கிய மென்பொருள் கேட்டாலொழிய மூன்று கடைக்கு அது வேண்டாம்.

நான்காம் படி: மின்சாரம் போகும், அதை வைத்து யோசியுங்கள்

2023இல் லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்திருந்தாலும் கேபிள் திருட்டும் துணைமின்நிலையக் கோளாறும் ஓயவில்லை.

டேட்டாபேஸ் ஒரு பில்லை ஏற்கும்போது, மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி, அது வட்டில் உண்மையிலேயே பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் ‘முடிந்தது’ என்று கல்லாவுக்குச் சொல்லும். மின்சாரம் போய் வந்ததும் அந்தப் பதிவேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிலைநிறுத்தும், பாதியில் நின்றவற்றை நீக்கும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அட்டவணைகள் எல்லாம் இப்படித்தான். மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளுக்கு இந்தக் காப்பு இல்லை. பழைய சர்வரில் அவை இருந்தால் முதல் வேலையாக இன்னோடிபிக்கு மாற்றுங்கள்.

இந்தக் காப்பை நாமே கெடுத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. வேகம் கூட்டுகிறேன் என்று வட்டில் உறுதிசெய்யும் அமைப்பை அணைப்பது அதில் முதன்மையானது. போஸ்ட்கிரெஸில் அதன் பெயர் எஃப்சிங்க். அதைத் தொடவே தொடாதீர்கள், அணைத்தால் மின்வெட்டில் முழுக் கணக்கும் சிதையலாம். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி பதிவேட்டை வட்டுக்கு அனுப்பும் அமைப்பு 1 என்று இருக்க வேண்டும். 0 அல்லது 2 என்று மாற்றினால் கடைசி ஒரு விநாடி அளவுக்கு பில்கள் போகலாம். இன்னொரு வழி மலிவான எஸ்எஸ்டி. மின்சாரம் போனாலும் உள்ளிருப்பதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் சில வட்டுகளில் உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. வாங்கும்போது ‘பவர் லாஸ் புரொடெக்‌ஷன்’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

யுபிஎஸ் கணக்கையும் போட்டுவிடுவோம். சிறிய சர்வர் கணினி 60 வாட், ரூட்டர் 10 வாட், மொத்தம் 70. இரண்டு மணி நேர வெட்டுக்கு 140 வாட்-மணி தேவை. கடைகளில் கிடைக்கும் 650 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும்: பெயரளவில் 84 வாட்-மணி, இழப்புகள் போக நடைமுறையில் அதில் பாதிதான் கைக்கு வரும். ஆகவே அரை மணிக்குச் சற்று மேல் தாங்கும். கணினியை ஒழுங்காக மூட அது போதும், கடை நடத்தப் போதாது. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைக் கட்டாயம் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்தால் தானே மூடிக்கொள்ளும்படி அமையுங்கள். பலர் அந்தக் கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் ராத்திரி ஆளில்லாத நேரத்தில் பேட்டரி தீர்ந்து கணினி பட்டென்று அணைகிறது. கடை ஓட வேண்டும் என்றால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் வையுங்கள். பாதி வரைதான் இறக்குவது என்று வைத்துக்கொண்டாலும் 70 வாட்டுக்கு ஏழு மணி நேரம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: அட்டவணையில் ஒரு சாமான் எப்படி உட்கார வேண்டும்

எந்த டேட்டாபேஸை எடுத்தாலும் கீழே வரும் பிழைகளே கடைகளை அதிகம் படுத்துகின்றன. தேர்வைச் சோதிக்கவும் இவையே நல்ல உரைகல்.

பணம். ரேண்டையும் சென்ட்டையும் ஃப்ளோட் வகையில் வைக்காதீர்கள்; அந்த வகையால் 0.1ஐக்கூடத் துல்லியமாகக் குறிக்க முடியாது. டெசிமல் அல்லது நியூமரிக் வகை, மொத்தம் 12 இலக்கம், அதில் 2 புள்ளிக்குப் பின், என்று வையுங்கள். எஸ்கியூலைட்டில் உண்மையான டெசிமல் வகை இல்லை. அதில் எல்லாவற்றையும் சென்ட் கணக்கில் முழு எண்ணாக வைப்பதே பாதுகாப்பு.

வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி. துவரம்பருப்பும் அரிசியும் சுழிவிகித வாட்டில் வரும். மசாலாப் பொடிக்கு 15 சதவீதம். ஆகவே வாட் வகை ஒவ்வொரு சாமானோடும் இருக்க வேண்டும், பில் முழுமைக்கும் ஒன்றாக வைக்க முடியாது. விகிதத்தையும் நிரலுக்குள் எழுதாதீர்கள். தொடங்கும் தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். 2018 ஏப்ரல் 1இல் 14 சதவீதம் 15 ஆனது. 2025 மே 1 முதல் 15.5 ஆகும் என்று அறிவித்து, ஏப்ரல் இறுதியில், நடைமுறைக்கு வர ஒரு வாரமே இருந்தபோது அதைக் கைவிட்டார்கள். விகிதத்தை அட்டவணையில் வைத்திருந்தவர்கள் ஒரு வரியை அழித்தார்கள். நிரல் முழுக்க 15 என்று எழுதி வைத்திருந்தவர்கள் மாற்றியதையெல்லாம் திருப்பி மாற்ற வேண்டியிருந்தது.

சென்ட் முழுமையாக்கலும் இங்கேதான் இடறும். வாட் உள்ளடங்கிய 46 ரேண்ட் பொட்டலத்தில் வாட் என்பது 46 பெருக்கல் 15 வகுத்தல் 115, சரியாக 6 ரேண்ட். 19.99 ரேண்ட் பொட்டலம் மூன்று என்றால்? ஒவ்வொன்றுக்கும் தனியே போட்டால் 2.61 வீதம் 7.83, மொத்தம் 59.97க்குப் போட்டால் 7.82. எந்த முறை என்று கணக்காளரிடம் கேட்டு ஒன்றை நிலையாக வைத்து, பில் போட்ட அன்றே கிடைத்த தொகையை நெடுவரிசையில் சேமித்துவிடுங்கள். பழைய பில்லின் வாட்டைப் பின்னாளில் மறுபடி கணக்கிடும் நிரல் மாத இறுதியில் பொருந்தாது.

சுழியில் தொடங்கும் எண்கள். நாட்டின் 13 இலக்கத் தேசிய அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆண்டு முதலில். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது சுழியில் தொடங்கும். எண் வகையில் வைத்தால் முன்னிருக்கும் சுழி உதிர்ந்து இலக்கம் குறைந்துவிடும். கைப்பேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் அப்படியே. பிரிட்டோரியாவின் 0002 வெறும் 2 ஆகிவிடும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்து வகையில் வையுங்கள்.

பெயர்கள். ஆங்கில எழுத்தில் கோவெண்டர், கோவிந்தர், பிள்ளை, மூட்லி, முதலி என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே எழுத்து மாறும். பெயரையோ கைப்பேசி எண்ணையோ ஒரு வரியை அடையாளம் காட்டும் முதன்மைத் திறவாக (பிரைமரி கீ) வைக்காதீர்கள். டேட்டாபேஸே கொடுக்கும் ஒரு வரிசை எண்ணை வையுங்கள். தேடும்போது மைஎஸ்கியூஎல் தன் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. போஸ்ட்கிரெஸ் பொருட்படுத்தும், எனவே சிறிய எழுத்துக்கு மாற்றித் தேட வேண்டும். எழுத்துக்கூட்டல் மாறினாலும் நெருங்கிய பெயரைப் பிடிக்க போஸ்ட்கிரெஸில் ட்ரைகிராம் என்ற இணைப்பு வசதி இருக்கிறது. இங்குள்ள பெயர்களுக்கு மிகவும் பயன்படுவது.

தமிழ் எழுத்து. சரக்குப் பெயரைத் தமிழிலும் அச்சிட விரும்பினால், எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறை கட்டாயம். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்ற பழைய பெயர் மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதில் அடங்கினாலும் வாட்ஸ்அப் ஆர்டரோடு வரும் இமோஜி அடங்காது. எஸ்கியூஎல் சர்வரில் வார்கார் வகையில் போட்டால் வழக்கமான அமைப்பில் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், திரும்ப மீட்கவும் முடியாது. என்வார்கார் வகை வேண்டும். நீளத்தையும் தாராளமாக விடுங்கள். ‘கொத்தமல்லி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 10 குறி, பைட்டில் 30. அதே ‘கொ’வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகத் தட்டினாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற வடிவுக்கு ஒழுங்குபடுத்தும் ஒரு வரியை நிரலில் சேர்த்தால் தீர்ந்தது.

கடைசிப் பொட்டலம். சாட்ஸ்வர்த்தில் கல்லாவும் போன் ஆர்டர் எடுப்பவரும் ஒரே நொடியில் இருப்பைப் பார்க்கிறார்கள்: 1. இருவரும் விற்று, இருவரும் 0 என்று எழுதுகிறார்கள். ஒரு பொட்டலம் இருவருக்கு விற்றாயிற்று. ‘பார், கழி, எழுது’ என்று மூன்று அடியாகச் செய்வதால் வரும் வினை இது. ‘இருப்பு ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி’ என்று ஒரே கட்டளையாக எழுதி, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். சுழி என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. எஸ்கியூஎல் சர்வரில் மட்டும் இன்னொன்று: வழக்கமான அமைப்பில், யாராவது நீண்ட அறிக்கை ஓட்டினால் அது முடியும் வரை கல்லா காத்து நிற்கலாம். ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்ற அமைப்பை இயக்கினால் இது தீரும்.

ஆறாம் படி: கடையிலா, கிளவுடிலா

தென்னாப்பிரிக்காவிலேயே மூன்று பெரிய கிளவுட் சேவைகளும் இருக்கின்றன: மைக்ரோசாஃப்ட் 2019 முதல் ஜோகன்னஸ்பர்க்கில், அமேசான் 2020 முதல் கேப்டவுனில், கூகுள் 2024 முதல் ஜோகன்னஸ்பர்க்கில். மலிவாக இருக்கிறது என்று ஐரோப்பாவில் எடுத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் போய்வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரு திரை 40 கேள்வியை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஆறு விநாடி. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அது நீண்ட நேரம். கட்டணத்தை டாலரில் கணக்கிடும் சேவையா என்று பாருங்கள். ரேண்ட் சரிந்தால் மாதச் செலவும் ஏறும். கிளவுட் சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். நேரத்தை நேரவலயத்தோடு சேமிக்காவிட்டால் நள்ளிரவு தாண்டி வரும் இணைய ஆர்டர்கள் முந்தின நாள் கணக்கில் விழும்.

இணையம் போனாலும் பில் போட வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. கிளைக்கு ஒரு கணினியில் எஸ்கியூலைட், மையத்தில் போஸ்ட்கிரெஸ், இணைப்பு வந்ததும் பில்களை அனுப்பும் ஒரு சிறு நிரல். பில் எண்ணைக் கிளைக் குறியோடு சேர்த்து வையுங்கள், இல்லையேல் மூன்று கிளையிலும் 1001ஆம் பில் இருக்கும்.

எங்கே வைத்தாலும் டேட்டாபேஸின் கதவை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433 என்ற போர்ட்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. திறந்திருந்தால் தானியங்கி நிரல்கள் மணிக்கணக்கில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கும். கிளைகளை விபிஎன் (இணையத்துக்குள் ஓடும் மறையாக்கம் செய்த தனிவழி) வழியாக இணையுங்கள். கல்லாவில் இருப்பவருக்கு அட்டவணையை அழிக்கும் உரிமை வேண்டியதில்லை; தனிப் பயனர், தேவையான உரிமை மட்டும். வாடிக்கையாளர் பெயர், எண், முகவரி இருக்கும் எந்தப் பட்டியலும் போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் காப்புச் சட்டத்தின் கீழ் வரும். 2021 ஜூலை 1 முதல் அது முழு வீச்சில் அமலில் இருக்கிறது. தகவல் கசிந்தால் தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் உரியவர்களுக்கும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுடையது.

ஏழாம் படி: ஒரு வாரச் சோதனை

காசு கட்டுவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். போன மாத நிஜ பில்களை ஏற்றுங்கள். மாதிரித் தகவலில் எந்தச் சிக்கலும் தெரியாது. நீங்கள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதி ஓட்டுங்கள்: புனித வெள்ளி வாரத்தில் கற்பூரம் எத்தனை போனது, மாத வாட் எவ்வளவு, கடன் பாக்கி யாருக்கு. இரண்டு கணினியில் கடைசிப் பொட்டலச் சோதனையைச் செய்யுங்கள். பிறகு, பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். சோதனைக் கணினியில்தான், நிஜக் கணக்கு ஏறுவதற்கு முன். திரும்ப எழுந்ததும் ‘முடிந்தது’ என்று கல்லா காட்டிய ஒவ்வொரு பில்லும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வட்டையோ அமைப்பையோ மாற்ற வேண்டும்.

கடைசி நாள் பேக்கப்புக்கு. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரைச் சும்மா காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது; பாதி எழுதிய நிலையில் பிடித்த காப்பி திறக்காமல் போகும். போஸ்ட்கிரெஸில் பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல்லில் அதன் டம்ப் கருவியைச் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் தெரிவோடு, எஸ்கியூஎல் சர்வரில் அதன் சொந்த பேக்கப் கட்டளை, எஸ்கியூலைட்டிலும் அதன் பேக்கப் கட்டளை. பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். பயனர்களும் கடவுச்சொற்களும் அதில் வராது, அவற்றுக்கு டம்ப்ஆல் கருவியைத் தனியே ஓட்ட வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரலில் டர்பனை வெள்ளம் புரட்டிப் போட்டது. சர்வருக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் பேக்கப் வட்டும் சர்வரோடு சேர்ந்தே போகும். பீனிக்ஸ் கிளையில் வைப்பதும் போதாது, அதுவும் அதே வெள்ளத்தின் ஊர்தான். ஒரு பிரதியை மறையாக்கம் செய்து கிளவுடுக்கு ஏற்றுங்கள். சர்வரின் கடவுச்சொல்லால் அதை அழிக்க முடியாதபடி அமையுங்கள், இல்லாவிட்டால் தகவலைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இப்போது, இதுவரை டேட்டாபேஸே நிறுவாத ஒரு கணினியை எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, டேட்டாபேஸை நிறுவி, பேக்கப்பை மீட்டு, முந்தின நாள் மொத்த விற்பனையைக் கேளுங்கள். கல்லாச் சுருளில் இருக்கும் தொகையோடு சென்ட் வரை பொருந்த வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்பதை முதல் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். செய்த ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாக அச்சிட்டு, உறையிட்டுக் கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமைத்தவரை விட்டுவிட்டு வீட்டில் வேறொருவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து மீட்டுக் காட்டட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி மறுபடி அச்சிடுங்கள்.